மயிலம்மாளுக்கு வரைந்த கண்

திருவானைக்காவல் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். 1957, ஆடி மாதம். குதிரை வண்டியிலிருந்து ரத்தினவேல் அண்ணன் முதலில் இறங்கி, காமிரா ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பச்சை மட்டையில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். சாவு வீட்டில் படம் பிடிக்க வருகிறவர்களை யாரும் வாங்க என்று சொல்வதில்லை.

அண்ணன் என்று கூப்பிடுவேனே தவிர, அவருக்கும் எனக்கும் உறவு ஒன்றும் கிடையாது. பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிறேன் என்று கப்பலேறி, ஆளும் இல்லை, கடிதாசியும் இல்லை என்று ஆனபோது, பாலக்கரையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். இவர் ஒருத்தர்தான், அமலராணிக்குப் படம் வரைகிற கை இருக்கிறதே என்று கேட்டு வேலை கொடுத்தார். நெகட்டிவில் டச்சிங் செய்வது என் வேலை. அம்மைத் தழும்பை மறைப்பேன், குழி விழுந்த கன்னத்தை நிரப்புவேன். ஏழு வருஷம் அவர் சொன்ன எதையும் நான் ஏன் என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்த முட்டாள்தனம்.

சாவு வீட்டுப் படம் அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவுக்கும் வந்த வேலைதான். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று தள்ளிப் போட்டவர்கள், ஆள் போன பிறகு ஒரு படமாவது வேண்டும் என்று ஓடி வருவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, முதுகோடு துண்டால் கட்டி, முகத்தை நிமிர்த்தி எடுப்போம். பெண்பிள்ளை என்றால் சேலையைத் திருத்தவும் தலை வாரவும் என்னையும் கூட்டிப்போவார். பிறகு நெகட்டிவில் கண்ணைத் திறந்து வைப்பது என் பாடு.

உள்ளே சாம்பிராணியும் வாழைச் சருகும் கலந்த ஒரு வாசனை. பெண்ணின் பெயர் மயிலம்மாள். பத்தொன்பது வயது. விஷக்காய்ச்சல், ஒன்பதே நாள். அவளுடைய அம்மா வேலம்மாள் கொள்ளிடக் கரையில் வாழை போட்டு இலை வியாபாரம் செய்கிறவள். புருஷன் இல்லை. இருந்தது இந்த ஒரு மகள்தான். அழுது முடித்துவிட்ட முகத்தோடு தூணில் சாய்ந்து நின்றாள்.

நான் தலை வாரும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒவ்வொரு தேருக்கும் படம் புடிக்கணும்னு கேட்டுச்சு தங்கச்சி. நாந்தான் வேணாம்னேன்.”

கண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சிலர் பெரிய கண் என்பார்கள், சிலர் சொல்லத் தெரியாமல் அழுவார்கள். வேலம்மாள் என் எதிரே முகத்தை நீட்டி, தன் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மகளுக்கும் இதே கண்தானாம். நான் பார்த்தேன். பழுப்புக் கண். இடது இமை ஒரு நூல் அளவு தாழ்ந்திருந்தது. நான் போதும் என்று சொல்லும் வரை அவள் இமைக்கவேயில்லை.

அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“கண்ணைத் தெறந்துட்டு அப்படியே விட்டுடாத தங்கச்சி. முழிச்சுக்கிட்டே இருந்தா அவ எப்படிப் போவா?”

விடமாட்டேன் என்றேன். எங்கள் கடையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குக் கொடுக்கிற படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிடுவார்கள். அது அடங்கிய படம். நெகட்டிவ் அப்படி இல்லை. அந்தக் கண்ணாடி பிளேட் இருக்கும் வரை அதிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம், அத்தனையிலும் போனவர்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரே ஒரு படம் போட்டதும், காரியத்தன்று பிளேட்டை வீட்டாரிடமே கொடுத்துவிடுவோம். அவர்கள் காவிரியில் விட்டுவிடுவார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இதை ஒருநாளும் கேலியாக நினைத்ததில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கண்களை வரைந்தேன். மூடிய இமைகளின் மேல் பென்சிலால் வெள்ளை விழியை ஏற்றி, அந்த இடது இமையின் தாழ்வைக்கூட விடாமல் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் வரைந்ததில்லை. அண்ணன் பின்னால் வந்து நின்று வெகு நேரம் பார்த்தார். உதட்டு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விடச் சொன்னார். சிரித்த மாதிரி இருந்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். தூக்கிவிட்டேன்.

காரியத்தன்று அம்மா மண்டபப் படித்துறைக்கு நான்தான் பிளேட்டைக் கொண்டுபோனேன். மஞ்சள் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்திருந்தார். ஆடிப் பெருக்கு முடிந்து காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலம்மாள் துணியைப் பிரித்து, கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரிகிற நெகட்டிவில் ஒரு முகத்தை அடையாளம் காண்பது பழகாத கண்ணுக்கு முடியாது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவள் தண்ணீரில் விட்டாள், அது போய்விட்டது.

அந்த வாரமே அண்ணன் ஒரு காமிராவை என் கையில் கொடுத்து, கையை மட்டும் படம் பிடித்தார். சென்னைக் கம்பெனி ஒன்று ஓரியல் என்று பெட்டிக் காமிரா கொண்டுவந்திருக்கிறது, கேட்லாக்குக்கு ஒரு பெண்ணின் கை வேண்டுமாம் என்றார். என் வலது கட்டைவிரலில் அமிலம் பட்ட தழும்பு உண்டு. அதை மறைக்கட்டுமா என்றேன். வேண்டாம், பரவாயில்லை என்றார்.

புரட்டாசியில் ஓரியல் காமிராவின் திருச்சி ஜில்லா ஏஜென்சி எங்கள் கடைக்கு வந்தது. பெட்டி பெட்டியாகக் காமிரா இறங்கியது. அண்ணன் எனக்கு ஒரு சுங்கடிச் சேலை எடுத்துக் கொடுத்தார்.

தீபாவளிக்கு மறுநாள், பக்கத்து வீட்டு ரோசம்மாளோடு மாட்னி ஷோவுக்குப் போனேன். பெண்கள் பக்கத்து பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே கதவை மூடியதும் கண் தெரியாத இருட்டு. படம் தொடங்குவதற்கு முன்னால் விளம்பர ஸ்லைடு போட்டார்கள். ஒரு பல்பொடி. ஒரு ஜவுளிக்கடை.

அடுத்தது அவள்.

திரை முழுக்க மயிலம்மாள். அம்மா கட்டிவிட்ட அதே சேலைக்கு யாரோ கிளிப்பச்சை வண்ணம் கொடுத்திருந்தார்கள். கன்னத்தில் ரோஸ். நாற்காலி இல்லை, பின்னால் ஒரு பூந்தோட்டம். நான் தூக்கிவிட்ட உதடு சிரித்தது. நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகள் ஒரு காமிராவைப் பிடித்திருந்தன. வலது கட்டைவிரலில் தழும்பு.

என் கை.

கீழே எழுதியிருந்தது: ‘கண் இமைக்கும் நேரத்தில் படம். ஓரியல் காமிரா.’

அந்த ஸ்லைடு மாறவில்லை. மற்ற ஸ்லைடுகள் வந்தது போல் வந்து போகாமல் நின்றது. பின்னால் மெஷின் ரூமில் ஆபரேட்டர் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். ரோசம்மாள் என் காதோரம் குனிந்து, எம்புட்டு அழகு பாரு, உசுரோட நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு என்றாள்.

அவள் நம்மைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தாள்.

நான் பெஞ்சின் அந்தக் கடைசிக்கு நகர்ந்தேன். பார்வையும் நகர்ந்தது. எழுந்து, இருட்டில் யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். வாசல் சுவரில் அதே படம் நோட்டீசாக ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

அண்ணன் கடையில் இருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. வேலம்மாளிடம் என் கையால் கொடுக்க வைத்தது எந்த பிளேட் என்று கேட்டேன். கல்யாணப் படம் ஒன்று ஒளி பட்டுக் கெட்டுப்போனது, அது என்றார். மறைக்கக்கூட இல்லை. மானமுள்ள குடும்பத்துப் பெண் முகம்தான் வேண்டும் என்று கம்பெனி கேட்டதாம். எந்தக் குடும்பத்தில் பெண்ணின் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பார்கள் என்று என்னையே கேட்டார்.

“செத்தவளுக்கு இனிமே என்ன கெட்டுப்போவுது, அமலா?”

அவர் சொன்னதில் எனக்கு வலித்தது அந்த வார்த்தைகள்கூட இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் எப்போதும் போல் இதமாக இருந்தது. ஏழு வருஷமாக என்னிடம் பேசிய அதே குரல்தான். அன்று ராஜினாமா செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போக்கிடம் எங்கே என்று நினைத்தேன். மறுநாள் காலை எப்போதும் போல் போய் டச்சிங் மேஜையில் உட்கார்ந்தேன்.

அதற்குள் தகர போர்டுகளும் வந்துவிட்டன. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரை பஸ்ஸில் போனால் ஒன்பது இடத்தில் அவள் இருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டே போவேன். குனிந்திருந்தாலும் எந்த இடத்தில் அவள் வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். பின்கழுத்தில் தெரியும்.

கார்த்திகை முதல் வாரம் அரிசிக்கடை பெரியண்ணன் குடும்பத்தோடு படம் பிடிக்க வந்தார். அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள். எல்லாரும் கண்ணை அகலத் திறந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் மூன்று பிளேட் எடுத்தார். டார்க் ரூமில் நான்தான் கழுவினேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், மருந்துத் தொட்டியில் மெல்ல மெல்ல உருவம் எழுந்தது.

ஏழு பேரும் கண் மூடியிருந்தார்கள்.

அடுத்த பிளேட்டிலும் அப்படித்தான். மூன்றாவதிலும் அப்படித்தான். விளக்கு அதிக வெளிச்சம், எல்லாரும் இமைத்துவிட்டார்கள் என்றார் அண்ணன். நாளைக்கு வரச் சொல்லி மறுபடி எடுத்தார். மறுபடியும் மூடிய கண்கள். அடுத்து ஒரு கல்யாண ஜோடி. அடுத்து ஒரு வக்கீல். அடுத்து மெடல் வாங்கின ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். எங்கள் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்த எவருக்கும் படத்தில் கண் திறக்கவில்லை.

எல்லாருக்கும் நான் வரைந்தேன். வேறு என்ன செய்வது, கடை நடக்க வேண்டுமே. பத்து நாள் கழித்து, உலர வைத்த படங்களை வரிசையாக மேஜையில் பரப்பிப் பார்த்தேன். பெரியண்ணனுக்கு, அவர் மனைவிக்கு, மாப்பிள்ளைக்கு, வக்கீலுக்கு, அந்தச் சின்னப் பெண்ணுக்கு, எல்லாருக்கும் இடது இமை ஒரு நூல் தாழ்ந்திருந்தது. நான் அப்படி வரையவில்லை. ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்துக் குறித்துவைத்துத்தான் வரைந்தேன்.

டார்க் ரூமில் அதன் பிறகு தனியாக நிற்பது கஷ்டமாக இருந்தது. பட்டப்பகலில்கூட அந்த அறையில் இருட்டுத்தானே. மருந்து வாடைக்கு நடுவே சாம்பிராணி வரும். கொஞ்ச நேரத்தில் வாழைச் சருகு வாசனையும் சேர்ந்துகொள்ளும். தொட்டியை ஆட்டிக்கொண்டே, வேறு பக்கம் திரும்பாமல் அருள் நிறைந்த மரியே சொல்வேன்.

ஒருநாள் மத்தியானம் தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

மெதுவாக. காய்ச்சல்காரர்கள் விடுகிற மாதிரி மூச்சு.

“தூக்கம் வருதுக்கா.”

குழந்தை சொல்கிற மாதிரிதான் கேட்டது. மிரட்டல் இல்லை, கோபம்கூட இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அது என் காதை விட்டுப் போகவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காமிரா சக்கைப்போடு போட்டது, ஆனால் அவர் முகம் வற்றிக்கொண்டே வந்தது. தூங்கி எத்தனையோ நாள் ஆகிறது என்றார். கண்ணை மூடினால் மூடின இமைக்குள்ளும் எதிரே பார்க்க முடிகிறதாம். எதைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். வேலம்மாள் கடைக்கு வந்தாள். யாரையும் கேட்காமல், படம் பிடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கை நிறைய நார் வெட்டிய தழும்பு. அதை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிர்க் கடை போர்டில் மகளைப் பார்த்தாளாம். ஊரில் நாலு பேர் சினிமாக் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்து, உன் மகள் சாகவில்லை, டவுனில் கூத்தாடப் போய்விட்டாள், நீ பிணம் என்று ஊரை ஏமாற்றினாய் என்று பேசுகிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்றாள். தினமும் சாயங்காலம் தோப்பில் இலை அறுக்கும்போது மகள் வாய்க்கால் வரப்பில் வந்து நிற்கிறாள், பக்கத்தில் வருவதில்லை, போவதும் இல்லை என்றாள்.

நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரியாது, நானும் ஏமாந்தவள்தான் என்று. அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“தெறந்தது உன் கையி. வித்ததும் உன் கைதானே தங்கச்சி?”

அவள் பார்த்தது நிஜம்தான், போர்டில் இருப்பது என் கைதான். அண்ணன் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை. நான் போய் பிளேட் எங்கே என்று கேட்டேன். எப்போதோ உடைத்துப் போட்டாயிற்று என்றார். அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்ததும் பொய் என்று தெரிந்துவிட்டது.

டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பழைய பிளேட்டுகள் அடுக்கியிருக்கிற அலமாரி அங்கேதான் இருந்தது. நூற்றுக்கணக்கான கண்ணாடிகள், ஒவ்வொன்றும் காகித உறையில். சிவப்பு விளக்கைப் பக்கத்தில் இழுத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன்.

விளக்கு அணைந்தது.

ஸ்விட்சைத் தேடவில்லை. அசையவே பயமாக இருந்தது. சாம்பிராணி வாசனை அறை முழுக்க நிறைந்தது. அந்தக் கனத்த மூச்சு எனக்கு வெகு அருகில், என் கன்னத்தில் படுகிற தூரத்தில் வந்து நின்றது.

நீட்டியபடி இருந்த என் கையில் யாரோ ஒரு கண்ணாடியை வைத்தார்கள்.

வைத்த விரல்கள் என் விரல்களின் மேல் கொஞ்ச நேரம் இருந்தன. குளிர்ந்திருந்தன. கெஞ்சுகிற மாதிரி ஒரு அழுத்தம் கொடுத்தன. அப்புறம் போய்விட்டன.

வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவள்தான். நெகட்டிவைப் படிக்கத் தெரிந்த எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பாட்டில் கற்பூரத் தைலமும் பஞ்சும் எடுத்துக்கொண்டேன். பென்சில் வரைந்ததை அழிக்க அதுதான் வேண்டும். வேலம்மாளிடம், வாங்கக்கா, உங்க முன்னாலேயே மூடிவிடுகிறேன் என்றேன். அண்ணன் தடுக்கவில்லை. வேலம்மாள் எழுந்த அந்த நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்ததுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. மணப்பாறையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடை அதன் பிறகு திறக்கவில்லை.

உச்சி வெயில். அம்மா மண்டபத்தில் ஆள் குறைவு. மேட்டூரில் தண்ணீரைக் குறைத்துவிட்டதால் ஆறு இறங்கிக் கிடந்தது. கடைசிப் படிகளின் மேல் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வழியில் ரத்தினவேல் செய்ததை எல்லாம் சொல்லியிருந்தேன். நம்பினாளா என்று தெரியவில்லை. மூடிவிடு, அது போதும் என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சைத் தைலத்தில் நனைத்து இடது கண்ணின் மேல் ஒற்றினேன். நான் ஏற்றிய பென்சில் கறுப்பாகக் கரைந்து பஞ்சில் வந்தது. வலது கண்ணிலும் வந்தது. கண்ணாடியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

கீழே மூடிய இமைகள் இருக்க வேண்டும். நானே பார்த்த இமைகள். அவற்றின் மேல்தானே வரைந்தேன்.

இமைகள் இல்லை.

நான் அழித்ததற்கு அடியில் கண்கள் இருந்தன. நான் வரையாத கண்கள். என் பென்சிலால் எந்தக் காலத்திலும் வராத அளவுக்கு உயிருள்ள, அகலத் திறந்த கண்கள். மறுபடி தைலம் விட்டுத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

வேலம்மாள் மெல்ல என் முழங்கையைத் தொட்டாள்.

“மூடிக்கிட்டாளா தங்கச்சி?”

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? அவளுக்கு நெகட்டிவ் தெரியாது. ஒரு வார்த்தையில் அவளுக்குத் தூக்கம் வரும். இன்று சாயங்காலம் தோப்பில் நிம்மதியாக இலை அறுப்பாள். நல்லதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரத்தினவேலும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

“மூடிட்டேங்க்கா” என்றேன்.

அவள் அழுதாள். அந்த ஆறு மாதத்தில் அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, உதட்டில் ஒற்றி, இரண்டு படி இறங்கித் தண்ணீரில் விட்டாள். அது பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி, பாசி படிந்த கறுத்த படியின் மேல் போய்ப் படுத்தது.

நெகட்டிவைக் கறுப்பு எதன் மேலாவது வைத்துச் சாய்வாகப் பார்த்தால், அது நேர்ப்படமாகத் தெரியும். வெளுப்பு வெளுப்பாகவும் கறுப்பு கறுப்பாகவும், யார் கண்ணுக்கும் தெரியும். இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற விஷயம் அது. எனக்கு அப்போது அது நினைவில்லை.

தண்ணீர் அடங்கியது. வெயில் கண்ணாடியின் மேல் விழுந்தது. மயிலம்மாள் பாசிப் படியில் மல்லாந்து படுத்திருந்தாள், தெள்ளத் தெளிவாக.

வேலம்மாள் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அழுகை நின்றிருந்தது.

“மூடிட்டேன்னு சொன்னியே.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, மண் வாரி இறைக்கவில்லை. ஈரச் சேலையோடு படியேறிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டேன்.

தண்ணீரில் இறங்கிக் கண்ணாடியை எடுக்கப் போனேன். கலங்கியது. கலங்கல் தெளிகிற வரை நின்றேன். படியில் பாசி மட்டும் இருந்தது. இரண்டு படி கீழேயும் கையால் துழாவினேன், இல்லை. அவ்வளவு கொஞ்சத் தண்ணீர் ஒரு கண்ணாடியை எங்கே இழுத்துப் போகும்?

இது நடந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓரியல் காமிராவை இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. போர்டுகள் துருப்பிடித்து, ஒன்றிரண்டை மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். வேலம்மாள் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். இரண்டு தடவை தேடிப் போனேன், ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நான் இப்போது ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் வேறு ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் செய்கிறேன். இங்கே எல்லாருடைய கண்ணும் ஒழுங்காகத் திறந்துதான் பதிகிறது. முதலாளி நல்ல மனிதர்.

ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து உட்கார்ந்த கல்யாணப் பெண்ணின் நெகட்டிவ் என் மேஜைக்கு வரும்போது, அவள் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றவரும், மடியிலிருக்கிற புத்தகத்தைப் பார்த்தவரும் அப்படித்தான். விளக்கை ஏற்றி பிளேட்டை மேஜையில் வைத்தால் எல்லாரும் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நேற்று ஒரு கைக்குழந்தையின் படம் வந்தது. பிளேட்டை விளக்கில் வைத்ததும் அது என்னைப் பார்த்தது. அதன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில் அவளிடம், குழந்தை படம் பிடிக்கும்போது அழுததா என்று கேட்டேன்.

இல்லை, கடைசி வரை கண்ணே திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது என்றாள்.